வலி மாத்திரையும் சிறுநீரகமும்

நடவு, களையெடுப்பு நாட்களில் மெடிக்கல் கடைக்குப் போய் "உடம்பு வலிக்கு ரெண்டு குடுங்க" என்று கேட்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. சீட்டும் இல்லாமல் கிழித்துத் தருவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகைதான்.

இந்த டைக்ளோஃபெனாக் என்ன செய்யும் என்பதை நமக்கு முன்னால் பாறு கழுகுகள் பட்டுக் காட்டிவிட்டன. மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் இந்த ஊசிதான் போட்டார்கள். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாக உள்ளுறுப்பெல்லாம் படிந்தது. 2004-ல் காரணம் வெளியே வருவதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 95-க்கும் மேல் அழிந்துபோயின. நம்ம பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில் கொஞ்சம் மிச்சம். 2006-ல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள். 2023-ல் அசெக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டுக்கும் தடை வந்தது. மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

கழுகு உடம்பு வேற, நம்ம உடம்பு வேற. ஒரு மாத்திரையில் யாருக்கும் சிறுநீரகம் போய்விடாது. ஆனால் எப்போது போடுகிறோம் என்பதில்தான் வினை இருக்கிறது. வெயிலில் வேர்த்து உடம்பில் நீர் வற்றும்போது, புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்புதான் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கிறது. வலி மாத்திரை அந்தச் சுரப்பைத்தான் நிறுத்துகிறது. ஏற்கெனவே தண்ணி குறைஞ்ச வாய்க்காலில் மடையையும் அடைச்ச மாதிரி. வாந்தி பேதி நாளிலும் இதே கதைதான். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதற்காக அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, வலி மாத்திரையைத்தான் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அளவோடு போட்டால் பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு அவ்வளவு தொல்லை தராது. குடிக்கிறவர்களுக்கு அதிலும் ஈரலுக்குக் கேடு உண்டு.

"நாங்க மூலிகைதான் சாப்பிடுறோம்" என்பவர்களுக்கும் ஒரு சொல். பூச்சிவிரட்டிக்கு ஊறப்போடுகிறோமே ஆடுதீண்டாப்பாளை, அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கிவிடும், புற்றுநோயும் வரும். ஈஸ்வரமூலியும் அதே குடும்பம். ஆடே தொடாததை நாம் ஏன் கஷாயம் வைக்க வேண்டும்?

சிறுநீரகம் கெடும்போது ஆரம்பத்தில் வலிக்காது. வருஷக்கணக்கில் மாத்திரை போட்டவர்களும், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும் ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டையும் வருஷத்துக்கு ஒருமுறை அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளுங்கள்.