நாற்காலி மாயம்!

தாம்பரம் காபி கடைகளில் உட்கார இடம் தேடி ஒரு 'ரவுண்டு'

ஒரு பொருள் காணாமல் போய் விட்டது. போலீசில் புகார் இல்லை. எப்.ஐ.ஆர். இல்லை. மோப்ப நாயும் வரவில்லை.

காணாமல் போனது: நாற்காலி. கடைசியாக பார்த்த இடம்: காபி கடை!

நம்ப முடியவில்லையா? தாம்பரம் ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள். மேற்கு பக்கம் இறங்கினாலும் சரி, கிழக்கு பக்கம் இறங்கினாலும் சரி. காபி வாசனை மூக்கை துளைக்கும். கல்லாவில் காசை நீட்டி டோக்கன் வாங்குவீர்கள். மாஸ்டர் ஒரு ஆற்று ஆற்றி, நுரை ததும்ப கையில் கொடுப்பார். அப்புறம்?

அப்புறம் நிற்க வேண்டியதுதான். நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஸ்டீல் மேஜை. அதை சுற்றி நாலைந்து பேர். ஒரு கையில் டம்ளர். இன்னொரு கையில் டிபன் பை. இரண்டு மடக்கில் முடித்து விட்டு ஓட்டம்.

அடுத்த லோக்கலை பிடிக்கிறவருக்கு இது போதும். அவருக்கு நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார்.

ஆனால் சானடோரியம் ஆஸ்பத்திரிக்கு போய் விட்டு திரும்புகிற பெரியவர்? மூட்டை முடிச்சோடு வந்து ஊர் பஸ்சை தவற விட்ட குடும்பம்? காலையில் இருந்து நின்றபடியே துணி எடுத்து போட்ட கடைப்பெண்? அவர்களும் நின்றுதான் குடிக்க வேண்டும். கைக்குழந்தையோடு வந்த தாய், டபராவை எங்கே வைப்பது, பிள்ளையை எங்கே வைப்பது என்று முழிக்கிறார்.

"வார்ம்"மாக வேணுமாம்!

இந்த நேரத்தில்தான் இன்னொரு கூத்து. பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம் என்று எந்த பக்கம் திரும்பினாலும் புதுப்புது காபி கடை போர்டு. ரிட்டயர் ஆனவர் பி.எப். பணத்தை எடுத்து கொண்டு வருகிறார். வேலையை விட்ட இளைஞர் நண்பர்களோடு கூட்டு சேருகிறார். "கடை பார்த்தவுடனே உள்ளே வர தோணணும்" என்பதுதான் எல்லோருடைய ஆசையும்.

அதற்கு உள் அலங்காரக்காரர் இருக்கிறார். செல்போனில் படம் காட்டுவார். தொங்கும் மஞ்சள் விளக்கு, பூசாத செங்கல் சுவர், தொட்டியில் பச்சை செடி. "வார்மா இருக்கும் சார்!" என்பார்.

நல்ல கதை! பனி கொட்டும் ஊரில் கடைக்குள் கதகதப்பாக இருந்தால் ஆள் வருவான். அந்த ஊர் வார்த்தை அது. மே மாதத்து தாம்பரத்தில், சட்டை முதுகோடு ஒட்டி கிடக்கிறவரிடம் போய் "உள்ளே வாங்க, கதகதப்பா இருக்கு" என்றால் அடிக்க வருவார்.

விளக்கும் செடியும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதெல்லாம் இரண்டாவது. ஒரு கடை ஒரு ஆளை "வாங்க" என்று கூப்பிடுவது உட்கார இடம் காட்டும் போதுதான். வீட்டுக்கு யாராவது வந்தால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "வாங்க, உட்காருங்க." காபி அதற்கு அப்புறம்தானே!

யார் குற்றவாளி?

நாற்காலியை கடத்தியது யார்? துப்பு துலக்கினால், கால்தடம் நேராக கல்லா பெட்டிக்கு போகிறது.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு மேஜை, நாலு நாற்காலி. அந்த இடத்தில் நாலு பேர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் விற்பது நாலு காபி. அதே இடத்தில் நின்று குடிக்கும் மேஜை போட்டால் எட்டு பேர் நிற்கலாம். ஆளுக்கு 5 நிமிடம். அரை மணி நேரத்தில் 48 காபி! காபி 20 ரூபாய் என்று வைத்து கொள்ளுங்கள். உட்கார்ந்தால் 80 ரூபாய். நின்றால் 960 ரூபாய். உட்கார்ந்தவர் ஒரு வடையும் சேர்த்து சாப்பிட்டார் என்றாலும் கட்டுப்படி ஆகுமா?

பத்து மாத வாடகையை அட்வான்சாக எண்ணி வைக்க சொல்லும் ஊர் இது. சதுர அடிக்கு சதுர அடி வாடகை. கடைக்காரரை மட்டும் குற்றவாளி கூண்டில் ஏற்றினால் நியாயம் ஆகாது.

ஆனால் இந்த கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. 48 பேர் வருவது காலை கூட்டத்திலும், மாலை கூட்டத்திலும்தான். பகல் 11 மணிக்கு மேல் 4 மணி வரை அந்த ஸ்டீல் மேஜையை சுற்றுவது ஈதான்! அந்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்தால் யாருடைய இடமும் போகாது. வெயிலுக்கு ஒதுங்கியவர் ஒரு காபியோடு எழுந்து போகவும் மாட்டார். வாடகை என்னவோ 24 மணி நேரத்துக்கும்தான் கொடுக்கிறோம்.

நாற்காலி இருந்தது… யாருக்கு?

"அந்த காலத்து காபி கிளப்பில் எல்லாம் நாற்காலி இருந்ததே!" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். உண்மை. மார்பிள் பலகை போட்ட மேஜை இருந்தது. மர நாற்காலி இருந்தது. சப்ளையர் வந்து "என்ன வேணும்?" என்று கேட்டார்.

ஆனால் வாசலில் ஒரு போர்டும் இருந்தது.

"பிராமணாள்" என்று எழுதிய அந்த போர்டு, உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்பதை சொன்னது. கடற்கரையில் இருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரெயில் விட்ட தென்னிந்திய ரெயில்வே இருக்கிறதே, அதன் நிலைய சிற்றுண்டி சாலைகளிலேயே பிராமணருக்கு தனி இடம், மற்றவர்களுக்கு தனி இடம். ஒரே டிக்கெட், ஒரே ரெயில், காபி குடிக்க மட்டும் இரண்டு அறை! பெரியார் உள்ளிட்டோர் எதிர்த்து குரல் கொடுத்த பிறகு 1941-ல்தான் அந்த பிரிவினை ஒழிந்தது.

தனியார் ஓட்டல்களில் போர்டு அப்புறமும் தொங்கியது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மறியல் தொடங்கினார்கள். நாள் தவறாமல் மறியல், நாள் தவறாமல் கைது. மாத கணக்கில் நடந்தது. 1958-ல் போர்டில் இருந்து "பிராமணாள்" இறங்கியது.

கிராமத்து டீக்கடை கதை இன்னும் மோசம். ஒரு சாராருக்கு பெஞ்சு. இன்னொரு சாராருக்கு தரை, தனி டம்ளர். 'இரட்டை டம்ளர்' என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான்.

இதையெல்லாம் நினைத்தால் நின்று குடிக்கும் மேஜைக்கு ஒரு கும்பிடு போட தோன்றுகிறது. அங்கே ஆபீசரும் நிற்கிறார், ஆட்டோ டிரைவரும் நிற்கிறார். தோளோடு தோள். ஒரே தொட்டியில் கழுவிய டம்ளர். யார் பக்கத்தில் யார் என்று யாரும் கேட்பது இல்லை. ஸ்டீல் மேஜை செய்த நல்ல காரியம் இது.

சோபா வந்தது, விலையும் வந்தது

நாற்காலி ஒரேயடியாக தொலைந்து விடவில்லை. சோபாவாக மாறி ஏ.சி. அறைக்குள் போய் விட்டது!

1996-ல் பெங்களூரில் முதல் கபே காபி டே திறந்தார்கள். 2012-ல் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. 2014-ல் சென்னைக்கும் வந்து விட்டது. அங்கே போனால் மணி கணக்கில் உட்காரலாம். யாரும் விரட்ட மாட்டார்கள். ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1989-ல் ஒரு புத்தகம் எழுதினார். மனிதனுக்கு வீடு முதல் இடம், வேலை பார்க்கும் இடம் இரண்டாவது, இரண்டும் இல்லாமல் சும்மா நாலு பேரோடு உட்கார மூன்றாவது இடம் ஒன்று வேண்டும் என்றார். பெரிய காபி கம்பெனிகள் அதை பிடித்து கொண்டன.

மூன்றாவது இடம் சரி. ஒரு கப் விலையில் நம்ம தெரு முனை கடையில் ஒரு வாரத்துக்கு காபி குடிக்கலாமே! இங்கே வாசலில் போர்டு எதுவும் கிடையாது. விலைப்பட்டியலே அந்த வேலையை பார்த்து விடுகிறது.

நடுத்தர விலையில் ஆற அமர உட்கார சென்னையில் ஒரு இடம் இருந்தது. கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962-ல் தொடங்கியது. கார் வைத்திருப்பவர் காருக்குள்ளேயே தட்டு வாங்கலாம், இல்லாதவருக்கு உள்ளே மேஜை நாற்காலி. 2008-ல் மூடினார்கள். இப்போது அங்கே செம்மொழி பூங்கா.

திருவனந்தபுரம் போன போது பாருங்கள்

ரெயில் நிலையத்து வாசலில், குறைந்த விலையில், உட்கார வைத்து காபி கொடுக்க முடியுமா? முடியும் என்று காட்ட ஒரு கட்டிடம் நிற்கிறது. திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ். ரெயிலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது, சிவப்பு செங்கல் கோபுரம் மாதிரி.

இது தொழிலாளிகளின் கடை. காபி போர்டு நடத்தி வந்த காபி ஹவுஸ்களை 1950-களில் மூடிய போது வேலை போனவர்கள், ஏ.கே. கோபாலன் துணையோடு கூட்டுறவு சங்கம் அமைத்து தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள்.

கட்டிடத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவிலேயே வாழ்ந்து 2007-ல் மறைந்தவர். செலவை குறைத்து கட்டுவதில் பேர் போனவர். அவர் படிக்கட்டும் போடவில்லை, மாடி மாடியாகவும் பிரிக்கவில்லை. சங்கு சுற்றுவது போல சரிவு பாதை ஒன்று சுற்றி சுற்றி மேலே போகிறது. வெளிச்சுவரை ஒட்டி நெடுக மேஜையும் இருக்கையும். அவையும் கட்டிடத்தோடு சேர்த்து கட்டியவை. இழுக்க முடியாது, உடையாது, நடைவழியை அடைக்காது. சுவரில் செங்கல் விட்டு விட்டு அடுக்கிய துளைகள். அதன் வழியே வெளிச்சம் வருகிறது, காற்று வருகிறது. ஏ.சி. இல்லை. தொங்கும் அலங்கார விளக்கு இல்லை. கூட்டம் மட்டும் குறையவில்லை!

திண்ணை போதுமே!

தாம்பரத்தில் கோபுரம் கட்ட இடம் ஏது? பத்தடி அகலம் உள்ள கடையில் என்ன செய்வது?

பேக்கர் செய்ததன் சாரம் நம்ம ஊர் திண்ணைதான். சுவரை ஒட்டி பத்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஆளுக்கு ஒன்றரை அடி வீதம் ஆறு பேர் உட்காரலாம். போவது 15 சதுர அடிதான். நடுவில் ஸ்டீல் மேஜை இருக்கிறபடியே இருக்கட்டும். அவசரக்காரர் நிற்பார். முடியாதவர் உட்காருவார்.

இதை வெளியே நடைபாதையில் போடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகி விட்டது. ஆக்கிரமிப்பு என்று தூக்கி கொண்டு போவார்கள். தூக்கவும் வேண்டும், நடக்கிறவருக்கு அதுதானே வழி!

விளக்கு? பல்பு பெட்டியில் ஒரு எண் போட்டிருக்கும், பாருங்கள். 6500 கெல்வின் என்றால் வெள்ளை வெளேர் வெளிச்சம். நோட்டு எண்ணும் கல்லாவுக்கும், பாத்திரம் கழுவும் இடத்துக்கும் அது நல்லது. அழுக்கு தெரியும். திண்ணைக்கு மேலே 2700 முதல் 3000 வரை உள்ள மஞ்சள் பல்பு போடலாம். முகம் களைப்பாக தெரியாது. சாதாரண பல்புதான். அலங்கார கூண்டு தேவை இல்லை.

பாய்லர் தெருவை பார்த்து முன்பக்கமே இருக்கட்டும். வாசனை ஆளை இழுக்கும். உஷ்ணம் உள்ளே தங்காமல் வெளியே போகும். மின்விசிறி அடுப்பின் மேல் அடிக்க கூடாது, உட்காருகிறவர் மேல் அடிக்க வேண்டும்.

சத்தத்தை யாரும் கவனிப்பது இல்லை. தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், மேஜை கிரானைட். எல்லாம் வழவழ. டம்ளரை எவர்சில்வர் தொட்டியில் வீசினால் காது கிழிகிறது. பிளாஸ்டிக் டப்பில் போட்டாலே பாதி தொல்லை தீரும். சுவரில் கனமான துணியோ, மூங்கில் தட்டியோ மாட்டினால் கொஞ்சம் எதிரொலியை வாங்கி கொள்ளும். பித்தளை டபரா மாட்டி 'கும்பகோணம்' என்று எழுதுவதற்கு ஆகும் செலவைவிட குறைவு.

இன்னொரு ஆள் பாக்கி இருக்கிறார். விடிவதற்கு முன்பே வந்து பாய்லரை பற்ற வைத்தவர். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபை சட்டத்தை திருத்தியது. நாள் முழுக்க கால் கடுக்க நிற்கும் துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்காக பேசப்பட்ட விஷயம் அது. காபி ஆற்றுகிறவர் காலும் கால்தானே? டிகாக்ஷன் இறங்குகிற நேரத்துக்காவது, பாய்லருக்கு பின்னால் மாஸ்டருக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள்.