கலங்கலும் தறிக்குழியும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் அங்கத்தினர்களில் உழவர்கள் ஏரி எப்பொழுது நிரம்புமென்று வானத்தை நோக்குகின்றனர். நெசவாளர்களோ தறிக்குழியில் ஈரம் ஏறாதிருக்க வேண்டுமே என்று கவலுகின்றனர். இரு சாராரும் ஒரே சங்கத்தில் இருப்பதால், பெருமழையைப் பற்றிச் சிறிது எழுதுவது அவசியமெனக் கருதுகிறோம்.

ஓர் ஏக்கர் நிலத்தின் மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். 2015 டிசம்பர் முதல் தேதியன்று தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அவ்வூர் அன்று நம் மாவட்டத்திலேயே இருந்தது. அத்தகைய மழை உத்திரமேரூரில் பெய்யாதென்று எவரும் உறுதி கூற இயலாது.

செய்யாறும் பாலாறும் பெருகினால் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. ஓடும் நீர் முழங்காலளவே ஆயினும் அதில் இறங்கலாகாது. ஆனால் திடீர் வெள்ளத்துக்கு வேறொரு வழியும் உண்டு. நம் பகுதியில் ஏரிகள் சங்கிலிபோல் பிணைந்தவை. மேலேரியின் கலங்கலில் வழியும் நீர் கீழேரிக்கு வரத்தாகிறது. மேலேரியின் கரை உடைந்தாலோ, பல நாளில் வர வேண்டிய நீர் சில மணி நேரத்தில் கீழேரியின் மீது பாய்கிறது; அக்கரை அதைத் தாங்குவது அரிது.

கலங்கலைக் கரையின் உச்சியினும் தாழ்வாக அமைத்தது இதற்காகவே. இன்னும் சில நாள் நீர் நிற்கட்டுமென்று அதன் மேல் மணல் மூட்டைகளை அடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால் அரை அடி நீர் மிகுதியாகக் கிடைக்கலாம். கரையின் காப்பும் அதே அரை அடி குறைந்துவிடுகிறது. கரைக்குக் கீழே நெல் வயலும் இருக்கிறது, தறி வீடும் இருக்கிறது. உழவர் அங்கத்தினர்கள் இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு வேண்டுகிறோம்.

நம்மூர்ப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் போற்றுகின்றனர். அக்குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதை நினைப்பவர் சிலரே. வயிரமேக தடாகம் என்ற பெயரும் பழைய கல்வெட்டுகளில் வருவதே. இன்று கரையைப் பேணும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. எனினும் கரையில் எலி வளையையோ கசிவையோ முதலில் காண்பவர் அவ்வழியே நடப்பவர்தாம். கசியும் நீர் தெளிவாயிராமல் கலங்கியிருந்தால் கரையின் மண் உள்ளே அரிக்கப்படுகிறதென்று பொருள். உடனே 1077 என்ற மாவட்டத் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை. 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரக்கூடுமெனில் வானிலை நிலையத்தார் சிவப்பு எச்சரிக்கை விடுக்கின்றனர். அன்று மாலைக்குள் பட்டு நூல், ஜரிகை, ஜக்கார்டு அட்டைகள், சங்கப் பாஸ் புத்தகம் ஆகியவற்றைப் பரணில் ஏற்றிவிடுங்கள். பாவை அச்சோடு கழற்றிச் சுருட்ட ஒருவரால் ஆகாது. நள்ளிரவில் நீர் புகுந்தபின் துணைக்கு ஆள் தேடுவது வீண். மின்சார மெயினை நிறுத்தாமல், நீர் நின்ற குழியில் எவரும் கால் வைக்கலாகாது.

ஐப்பசி முதல் ஞாயிறன்று உழவர் இருவரும் நெசவாளர் இருவரும் கூடிக் கலங்கலையும் போக்குக் காலையும் நேரில் பார்த்து வர முன்வந்தால், அவர்கள் கண்டதை அடுத்த இதழில் வெளியிடுவோம்.