பிள்ளையின் கேள்வியும் சபையின் ஆலோசனையும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், அரியமங்கலத்தை அடுத்து அமைந்துள்ளது காட்டூர். இவ்வட்டாரக் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறிட்டவை திருவெறும்பூரிலுள்ள பாரத மிகுமின் நிறுவனமும், அதனை நம்பித் துவாக்குடி வரை எழுந்த சிறு தொழிற்கூடங்களுமாகும். 1960களில் செக்கோஸ்லோவாக்கிய ஒத்துழைப்புடன் தொடங்கப்பெற்ற அவ்வாலை அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன்களைச் செய்து வருகிறது. அக்கொதிகலன்களில் எரிவது பெரும்பாலும் நிலக்கரியே.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிச் சபையொன்றில், சுற்றுச்சூழல் ஞாயிறன்று, காலநிலை மாற்றம் குறித்துப் பேசினேன். பிள்ளைகள் மரக்கன்று நட்டனர்; படம் வரைந்தனர். முடிவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, நிலக்கரி எரிப்பதால் பூமி சூடாகிறது என்றீர்கள். எங்கள் அப்பா கொதிகலனுக்குத்தானே வெல்டிங் செய்கிறார்? அப்படியென்றால் அப்பா செய்வது பாவமா?" என்று கேட்டாள். பெரியவர்கள் சிரித்தனர். நான் ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தேன். பதில் சொல்லத் தெரியாமையை அந்த ஜெபத்தால் மூடினேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

சபையின் கூட்டாலோசனையில் சிறுவருக்கு இடம் உண்டா என்பதே அக்கேள்வி எழுப்பும் இறையியல் வினா. திருமறை இதில் தெளிவாகப் பேசுகிறது. யாரெல்லாம் போகிறீர்கள் என்று பார்வோன் கேட்டபோது, இளையோர், முதியோர், குமாரர், குமாரத்திகள் யாவரையும் மோசே குறிப்பிட்டான். பார்வோனோ ஆடவர் மட்டும் போகலாம் என்றான் (யாத். 10:8-11). பிள்ளைகளை விலக்கிய ஏற்பாடு அரண்மனையிலிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. மோவாபிலே உடன்படிக்கை செய்யப்பட்டபோது தலைவர்களோடு பிள்ளைகளும், விறகு வெட்டுவோரும், தண்ணீர் மொள்ளுவோரும் நின்றனர் (உபா. 29:10-12). யோசபாத்தின் நாளில் பகைவர் சூழ்ந்தபோது யூதா மக்கள் குழந்தைகளுடன் கர்த்தருக்குமுன் நின்றனர் (2 நாளா. 20:13). ஆபத்துக் காலத்தில் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுப் பெரியோர் மட்டும் கூடவில்லை. நம் ஆண்டவரும் பன்னிரண்டாம் வயதில் போதகர் நடுவில் அமர்ந்து கேட்டார், வினவினார் (லூக். 2:46).

உலகம் இதனை மெல்ல உணர்ந்து வருகிறது. தம்மைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துரைக்கும் உரிமையை ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சிறுவர்க்கு அளிக்கிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. அதற்கான ஐ.நா. குழு 2023இல் சுற்றுச்சூழல் குறித்து வெளியிட்ட 26ஆம் பொது விளக்கத்தை உருவாக்குகையில் 121 நாடுகளின் சிறுவரிடமிருந்து 16,000க்கும் மேற்பட்ட கருத்துகள் பெறப்பட்டன. தொழில் நிறுவனங்களின் பொறுப்பையும் அவ்விளக்கம் எடுத்துரைக்கிறது. உலகத் திருச்சபைகள் மன்றம் 2017இல் முன்வைத்த 'சிறுவர்க்குத் திருச்சபைகளின் உறுதிமொழிகள்' மூன்றனுள் ஒன்று, தலைமுறைகளுக்கிடையிலான காலநிலை நீதியாகும். நம் தமிழகத்திலேயே திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டு, சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள்முன் பேசினார்.

ஆயினும் மேடையேற்றுதல் வேறு. ஆலோசனையில் சேர்த்தல் வேறு. பிள்ளையின் பேச்சுக்குக் கைதட்டிவிட்டுத் தீர்மானத்தை வேறோர் அறையில் எழுதுவது அப்பிள்ளைக்குச் செய்யும் அவமதிப்பாகும். ஆகவே போதகரும் இறையியல் மாணவரும் மூன்று காரியங்களைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். ஆனால் அச்சத்தை ஊட்டலாகாது. சபையின் மின்கட்டணம், கிணற்று நீர்மட்டம், குப்பை போய்ச் சேருமிடம் ஆகியவற்றை அவர்களே கணக்கிடட்டும். இரண்டாவது, சேகரக் குழு கட்டடம், மின்சாரம், நிலம் குறித்துத் தீர்மானிக்கும் அமர்வில் அவர்கள் அமர்ந்து பேச வாய்ப்பு வேண்டும். மூன்றாவது, அவர்கள் கூறியதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதைக் குழு அவர்களிடமே திரும்பிச் சொல்லவேண்டும். இம்மூன்றாவதையே நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதே வேளையில், பெரியோர் செய்யவேண்டிய திருத்தத்தைச் சிறுவர் தோளில் ஏற்றுவதும் தகாது.

அச்சிறுமிக்கு நான் தந்திருக்க வேண்டிய பதில் யாது? அவள் தகப்பனையும் அருகில் அமர்த்தியிருக்க வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் பாதிக்குமேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. அவ்வொளியில்தான் அவள் படிக்கிறாள். அவள் தகப்பனின் உழைப்பு கண்ணியமானது. ஆனால் அப்புகை வளிமண்டலத்தில் தங்கி வெப்பத்தைச் சிறைப்படுத்துவதும் உண்மை. மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் இயங்கும் கொதிகலன் அதே மின்சாரத்திற்குக் குறைந்த கரியையே எரிக்கும். எனினும் அதனால் பிரச்சினை தீராது. மாற்றம் வரவேண்டும், அம்மாற்றத்தின் விலையை வெல்டர் குடும்பங்கள் மட்டும் செலுத்தலாகாது. குற்றத்தைத் தனியொரு தொழிலாளியின்மேல் சுமத்தாமல், சமுதாயம் முழுவதும் பகிரும் பொறுப்பாக அதனை விளக்குவதே மேய்ப்பனின் பணி.

2070க்குள் நிகரக் கரி உமிழ்வைப் பூச்சியமாக்குவதாக இந்தியா 2021இல் அறிவித்தது. அவ்வாண்டில் இன்றைய பத்து வயதுப் பிள்ளை ஐம்பதைக் கடந்து, இன்று நான் நிற்கும் பருவத்தில் நிற்கும். நாம் இருக்கமாட்டோம். நாம் எடுக்கும் தீர்மானங்களோடு வாழப்போகிறவர்கள் நம் ஆலோசனைக் கூடத்தின் கதவுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த சேகரக் குழுக் கூட்டத்திற்கு அவர்களுக்கும் இரு நாற்காலிகள் போடுவோமாக.