நாற்பத்தொன்றாம் கடிதம்



தபால் நிலையத்தில் ஒரு கடிதத்தைப் பதிவு செய்யக் கொடுக்கிறோம். எழுத்தர் அதற்கு ஓர் எண் இட்டு, ஏட்டில் குறித்துக்கொண்டு, நமக்கு ரசீது தருகிறார். அது வெறும் காகிதமன்று. "இனி இதற்கு நாங்கள் பொறுப்பு" என்னும் வாக்குறுதி. மின்னஞ்சலிலும் இவ்வழக்கம் உண்டு. கடிதங்களைப் பெற்றுக் காக்கும் கணினியை அஞ்சல் வழங்கி என்பர். கடிதம் முழுதும் வந்ததும் அது "250" என்னும் எண்ணை விடையாக அனுப்புகிறது. அக்கணம் முதல் கடிதத்தின் பொறுப்பு அதனுடையதே.

இப்பொறுப்பைக் காக்கச் சில வழங்கிகள் கடிதங்களைத் தரவுத்தளத்தில் வைக்கின்றன. தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி எனலாம். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் எட்கர் காட் இம்முறைக்கு அடிகோலினார். 1974-இல் அங்கேயே சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அட்டவணைகளோடு பேச ஒரு மொழியை வகுத்தனர். அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல். மொழியின் தொடக்கம்.

தரவுத்தளத்தின் தலையாய பண்பு பரிவர்த்தனை. பல வேலைகளை ஒரே கட்டாகக் கட்டி ஒப்படைக்கலாம். கடிதத்தை எழுது, அனுப்பியவர் பெயரைக் குறி, பெட்டியில் சேர். இறுதியில் உறுதி செய்தால் அனைத்தும் நிலைக்கும். நடுவே மின்சாரம் நின்றால் எதுவும் நிகழாதது போலாகிவிடும். பாதிக் கடிதம் என்பதே கிடையாது. உறுதி செய்த பின்னரே "250" என்று கூறினால் வாக்குப் பொய்க்காது அன்றோ?

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் ஒருமுறை தவறினேன். நான் அமைத்த வழங்கியைப் பயன்படுத்திய மாணவி ஒருவர், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு தமக்கு வரவேயில்லை என்றார். அட்டவணையைப் பார்த்தேன். கடிதம் அங்கே பத்திரமாக இருந்தது! அவருடைய கணினியில் மட்டும் இல்லை. தேர்வு நாளோ கடந்துவிட்டிருந்தது.

காரணம் என்ன? பெட்டிக்கு வரும் கடிதங்களுக்கு ஏறுவரிசையில் எண் இட வேண்டும் என்பது ஐமாப் என்னும் அஞ்சல் முறையின் விதி. அவ்வெண்களைத் தரவுத்தளம் தானே வழங்கும் எண்வரிசையிலிருந்து எடுத்தேன். ஒரே சமயத்தில் இரு கடிதங்கள் வந்தன. பெரிய கடிதமான அழைப்பு 41 என்னும் எண்ணைப் பெற்றது; சிறியது 42-ஐப் பெற்றது. சிறியது முந்தி உறுதியாயிற்று. மாணவியின் கணினி 42-ஐக் கண்டு, "இனி இதற்கு மேற்பட்டவற்றைக் கேட்போம்" என்று குறித்துக்கொண்டது. பின்னர் உறுதியான 41-ஐ அது கேட்கவேயில்லை. எண் பெற்ற வரிசை வேறு, உறுதியான வரிசை வேறு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பரிகாரம் எளிது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி அமைத்து, அதில் அடுத்த எண்ணை எழுதிவைக்க வேண்டும். கடிதத்தைச் சேர்க்கும் அதே பரிவர்த்தனையில் 'அப்டேட்' கட்டளையால் அவ்வெண்ணை ஒன்று கூட்ட வேண்டும். உறுதியாகும் வரை அவ்வரி பூட்டப்பட்டிருக்கும். ஆகவே அப்பெட்டிக்கு வரும் அடுத்த கடிதம் காத்து நிற்கும். மற்றப் பெட்டிகளுக்குத் தடையில்லை. கடிதத்தின் உடலை முதலில் எழுதி, எண்ணைக் கடைசியில் பெற்றால் காத்திருப்பும் குறையும்.

கூட்டிய எண்ணை அறிய இன்னொரு கேள்வி தேவையில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் 2006 முதல் 'ரிட்டர்னிங்' என்னும் சொல்லைச் சேர்த்தால் புதிய மதிப்பு உடனே கிடைக்கும். 2025-இல் வெளிவந்த 18-ஆம் பதிப்பில் பழைய மதிப்பையும் கேட்டுப் பெறலாம். அப்பழைய மதிப்பே, வந்த கடிதத்துக்கு உரிய எண்.

நண்பர்களே, கடிதத்தை இழக்காமல் வைத்திருந்தேன். ஆயினும் உரியவர் கையில் சேர்க்கவில்லை. காப்பது பாதிக் கடமையே. சேர்ப்பதும் கூடினால்தான் ரசீது மெய்யாகும்.