உங்களுக்குத் தெரியுமா? நாற்காலிக்குள் ஏணி, புத்தகத்துக்குள் கதவு

இங்கிலாந்தின் பழைய பண்ணை மாளிகைகளில் புத்தக அறைக்குள் நுழைந்தால் ஓர் எச்சரிக்கை: கண்ணில் படுவதை உடனே நம்பிவிடாதீர்கள்.

● அங்கே கிடக்கும் நாற்காலி வெறும் நாற்காலி இல்லை. முதுகுச் சாய்மானத்தைப் பிடித்து முன்னால் கவிழ்த்தால் நாலு படி உள்ள ஏணி! உயரத் தட்டில் இருக்கும் புத்தகத்தை எடுக்கத்தான் இந்த ஏற்பாடு. லண்டனின் மார்கன் அண்ட் சாண்டர்ஸ் கடை விற்ற இந்த நாற்காலியை 1811இல் ஆக்கர்மன் பத்திரிகை படம் போட்டுக் காட்டியது. ஆனால் யோசனை புதிதல்ல. மேசைக்குள்ளும் முக்காலிக்குள்ளும் படிகளை மடித்து வைக்க 1774இலேயே ராபர்ட் கேம்ப்பெல் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார்.

● ‘சேவல் சண்டை நாற்காலி’ என்று பழம்பொருள் வியாபாரிகள் ஒன்றைக் காட்டுவார்கள். குதிரைமேல் உட்காருவதுபோல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு, சாய்மானத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். சேவல் சண்டை பார்க்க வந்த கனவான்கள் இப்படித்தான் உட்கார்ந்தார்களாம். கதை ஜோர், உண்மைதான் இல்லை. அது படிப்பதற்கென்றே செய்த நாற்காலி. சாய்மானத்தின் மேல் புத்தகம் வைக்கச் சாய்பலகை, கைகளுக்கு அடியில் பேனாவும் மையும் வைக்கச் சின்னத் தட்டுகள். சேவலுக்கு எதற்கு மைக்கூடு?

● அலமாரி வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் கதவு வந்தால் அழகு கெட்டுப்போகுமே! அதனால் கதவின் மேலேயே தோல் முதுகுகளை ஒட்டிப் போலிப் புத்தகங்கள் ஆக்கினார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையில் டெவன்ஷயரின் ஆறாம் கோமகன் இதிலும் ஒரு குறும்பு செய்தார். போலிப் புத்தகங்களுக்குச் சிரிப்பூட்டும் தலைப்புகள் வேண்டும் என்று கவிஞர் தாமஸ் ஹூட்டிடம் கேட்டு எழுதி வாங்கினார்.

சார்லஸ் டிக்கன்ஸ் இந்த விளையாட்டில் இன்னும் கெட்டிக்காரர். கென்ட் மாவட்டத்தில் அவர் வாழ்ந்த கேட்ஸ் ஹில் வீட்டில், தலைப்புகளைத் தாமே யோசித்து வைத்தார். ‘சீனாவில் ஐந்து நிமிடங்கள்’ மூன்று தொகுதி. ‘பூனையின் உயிர்கள்’ ஒன்பது தொகுதி, ஏனென்றால் ஆங்கிலேயர் கணக்கில் பூனைக்கு ஒன்பது உயிர். ‘ஒரு சுருக்கமான சான்சரி நீதிமன்ற வழக்கின் வரலாறு’ மட்டும் 21 தொகுதி! வாய்தா மேல் வாய்தா வாங்கி அலுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

● யார்க்‌ஷயரின் நாஸ்டெல் மாளிகைக்கு 1767இல் தாமஸ் சிப்பென்டேல் செய்து கொடுத்த மஹோகனி மேசையின் விலை 72 பவுண்டு 10 ஷில்லிங். சிங்கத் தலைகளும் பாதங்களும் செதுக்கிய பிரம்மாண்டம் அது. வாங்கிய சர் ரோலண்ட் வின், மனைவியோடு புத்தக அறையில் நிற்பதுபோல் ஓவியம் வரையச் சொன்னார். படத்தில் மேசையும் இருக்கிறது. அதே சிப்பென்டேல்தான் அந்த வீட்டுச் சமையலறைக்கு 10 ஷில்லிங்குக்கு ஒரு வெட்டுக்கட்டையும் கொடுத்தார். பெரிய தச்சர் என்றால் எல்லாவற்றுக்கும் அவர்தான். பணம் மட்டும் வின்னிடமிருந்து நேரத்துக்கு வராது. கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

● பண்ணைக் குத்தகைக் கணக்குக்கென்று ஒரு வட்டமான மேசை, சுற்றிலும் இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. குத்தகைக்காரர் பெயரின் முதலெழுத்துப்படி கணக்குச் சீட்டுகள் உள்ளே போகும். கணக்குப்பிள்ளை எழுந்திருக்கவே வேண்டாம்; மேசையைச் சுழற்றினால் போதும். வட்ட மேசையில் எல்லா இழுப்பறைகளுக்கும் உள்ளே இடம் போதாது. அதனால் ஒன்றுவிட்டு ஒன்று பொய் இழுப்பறையாக இருப்பதும் உண்டு.

● கப்பற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் 1666இல் கப்பல் துறைத் தச்சர் ஒருவரிடம் கண்ணாடிக் கதவு போட்ட ஓக் மர அலமாரிகள் செய்யச் சொன்னார். புத்தகங்களை உயரப்படி அடுக்குவது அவர் வழக்கம். குள்ளமான புத்தகம் வரிசையைக் கெடுத்தால்? அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார்! 3,000 புத்தகங்களும் 12 அலமாரிகளும் இன்று கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரியில். அதே வார்ப்பில் செய்த ஜோடி ஒன்று டைரம் பார்க் மாளிகைக்குப் போனது.

● பழஞ்சுவடிகளைச் சேகரித்த ராபர்ட் காட்டனின் பெரும்பாலான அலமாரிகளின் உச்சியில் ஒரு ரோமானியப் பேரரசரின் மார்பளவுச் சிலை இருந்தது. சிலையில் இருப்பவர் பெயர்தான் அலமாரியின் பெயர். அலமாரிகள் போய்விட்டன, பெயர்கள் போகவில்லை. பழைய ஆங்கிலக் காவியமான ‘பேவுல்ஃப்’பின் ஒரே கையெழுத்துப் பிரதிக்குப் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் ‘விட்டெல்லியஸ் ஏ 15’ என்பதே அடையாளம். விட்டெல்லியஸ் தலைக்குக் கீழே, முதல் தட்டில், பதினைந்தாவது புத்தகம்.

● குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை 1721இல் நீக்கியது ராபர்ட் வால்போலின் அரசு. ஜமைக்காவில் அடிமைகள் வெட்டிய மஹோகனி கப்பல் கப்பலாக வந்திறங்கியது. வால்போல் சொந்தமாகக் கட்டிய ஹௌட்டன் மாளிகையின் புத்தக அறையும் மஹோகனிதான். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

● அவருடைய கடைசி மகன் ஹொரேஸ் வால்போல், ஸ்ட்ராபெரி ஹில் வீட்டின் புத்தக அலமாரிகளுக்குப் பழைய செயின்ட் பால் தேவாலய வாசலின் படத்தைப் பார்த்து வளைவுகள் வைத்தார். வளைவுகள் கீலில் திறக்கும், பின்னால் புத்தகங்கள்.

பழமைப் பித்தரான இவர், கடைசல் வேலை நிறைந்த கருங்காலி நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினார். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சி ஒரு காலத்தில் வாழ்ந்த வீட்டில் அப்படிப்பட்டவற்றைப் பார்த்தாராம். அதனால் அவை டியூடர் காலத்தவை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மற்றப் பிரபுக்களும் நம்பி வாங்கினார்கள். உண்மையில் அவை 17ஆம் நூற்றாண்டில் நம்முடைய சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை. செய்த தச்சர், எட்டாம் ஹென்றி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம்.