பிழை செவியிலா, குதிரையிலா?

நம் அயலிலுள்ள இளைஞர் ஒருவர் ஓய்வு நேரங்களில் மரவேலை பயில்பவர். சென்ற ஆண்டு தம் தங்கைக்கென ஒரு கித்தார் செய்தார். பலகை இழைத்து, மெட்டுகள் பதித்து, உருக்குத் தந்திகள் பூட்டி முடித்தபோது கடைப் பொருளென்றே எவரும் சொல்வர். ஆயினும் தங்கை வாசிக்கத் தொடங்கியதும் வந்தது வினை. வெறுந் தந்தியை மீட்டினால் சுருதி சுத்தம். மேல் மெட்டுகளில் விரல் வைத்தாலோ சுரம் கூடிக் காதை உறுத்தியது. பிள்ளைக்குச் சுருதி ஞானம் போதாது என்று வீட்டார் முடிவு கட்டினர். சிறுமி அழுதுகொண்டு வாத்தியத்தை மூலையிற் சாத்திவிட்டாள்.

நாம் சென்று பார்த்தபோது குற்றம் வேறிடத்தில் இருந்தது. அளவையில் அண்ணன் தவறவில்லை. மிகச் சரியாக அளந்ததே தவறாயிற்று! தலைப்பக்கத்து எலும்பிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை 325 மில்லிமீற்றர். அங்கிருந்து குதிரை வரை மீண்டும் 325. பாதித் தந்தி மேல் ஸ்தாயிச் சுரத்தைத் தரும் என்பது கணக்கு. ஆனால் விரல் அழுத்தும்போது தந்தி மெட்டை நோக்கித் தாழ்கிறது, தாழ்வதால் இழுபடுகிறது, இழுபடவே சுருதி உயர்கிறது. இவ்வுயர்வுக்கு ஈடாகக் குதிரையின் மேலுள்ள எலும்பைச் சற்றுப் பின்தள்ளி வைத்தல் வேண்டும். இத்தகைய கித்தாரில் முதலாந் தந்திக்கு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர், தடித்த ஆறாந் தந்திக்கு 4 அல்லது 5. கடைக் கித்தார்களில் அவ்வெலும்பு சாய்ந்து நிற்பது அழகுக்காக அன்று.

எவ்வளவு தள்ளுவது என்பதைத் தந்தியே தீர்மானிக்கிறது. முதலாந் தந்தி அறுந்துவிடும் எல்லைக்கு அண்மையில் முறுகி நிற்பது. இன்னுஞ் சிறிது இழுபட்டாலும் அதன் சுருதி அதிகம் மாறாது. சுற்றுக் கம்பியில்லாத தடித்த மூன்றாந் தந்தியோ தன் பருமனுக்குத் தளர்ந்தே நிற்பது. சிறு இழுப்பிலும் எகிறிவிடும். அதற்குப் பதிலாக, மெல்லிய உட்கம்பியின்மேல் வேறு கம்பி சுற்றிய தந்தியைப் பூட்டினால் தொல்லை பெரிதுங் குறையும். ஆதலால் தந்தியைத் தெரிந்தெடுத்த பின்னரே குதிரையை ஒட்டவேண்டும். நம் இளைஞர் குதிரையை ஒட்டிவிட்டுத் தந்தி வாங்கக் கடைக்குப் போனவர்!

வானநூலறிஞர் கலிலியோவின் தந்தையார் வின்சென்சோ கலிலி, லூட் என்னுந் தந்தி வாத்தியத்தில் வல்லவர். ஒவ்வொரு மெட்டுக்கும் எஞ்சிய நீளத்திற் பதினெட்டில் ஒரு பங்கைக் கழிக்குமாறு 1581இல் புளோரன்சு நகரில் வெளியான தம் நூலில் அவர் வகுத்தார். இவ்வாறு பன்னிரண்டு முறை கழித்தால் 650இல் எஞ்சுவது 325 அன்று, 327க்குச் சற்று மேல். அந்த மிகுதி, விரலழுத்தத்துக்கு வேண்டிய ஈடாகவும் அமைந்துவிடுகிறது. நம் வீணையிலோ தந்தி பூட்டிய பின் இருபத்துநான்கு மெட்டுகளையும் செவியாற் கேட்டுக் கேட்டே மெழுகில் நிறுத்துகின்றனர். ஈடு தானாகவே அடங்கிவிடும்.

இளைஞர் முதலில் எலும்பின் உச்சியை அரத்தாற் பின்புறம் சரித்துப் பார்த்தார். கிடைத்தது ஒரு மில்லிமீற்றர், போதவில்லை. பின்னர் குதிரையைச் சூடு காட்டிப் பெயர்த்து, மூன்றாந் தந்தியையும் மாற்றி, மீண்டும் ஒட்டினார். சோதனை எளிது: பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டுக, பின்பு அங்கேயே அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒன்றாய் ஒலித்தல் வேண்டும். ஆறு தந்திகளையும் சோதித்துச் சொன்னவள் அந்தச் சிறுமியே. ஐந்தாவது இன்னும் ஒரு மயிரிழை கூடுதல் என்றாள். அண்ணன் மீண்டும் அரத்தை எடுத்தார்.