வெண்புள்ளிக்கு நாற்று நடவு

லேக் கார்டன்ஸில் லோக்கல் ரயில் ஏறும் நம்மவர்கள் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். மூலம், சர்க்கரை, அதற்குப் பக்கத்திலேயே 'ஷேதி' – எல்லாவற்றுக்கும் கேரண்டி! 'ஷேதி' என்றால் வெண்புள்ளி. நம் ஊரில் இதையே 'வெண்குஷ்டம்' என்று சொல்லி எத்தனையோ பெண்களை மூலையில் உட்கார வைத்தார்கள். தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தொட்டால் ஒட்டாது. நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கார்போகரிசியைப் பூசி வெயிலில் காட்டுவது நம் பழைய வைத்தியம். அதிலுள்ள சோரலென் என்ற பொருள்தான் வேலை செய்கிறது. (அளவு மீறினால் தோல் வெந்து கொப்புளிக்கும். வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.) இப்போது பெரும்பாலும் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியை வாரத்துக்கு 2, 3 முறை காட்டுகிறார்கள்.

திட்டின் மேலுள்ள ரோமமும் வெளுத்துவிட்டால் ஒளி மட்டும் பலிப்பது கடினம். விதையில்லாத வயலில் வெயில் அடித்து என்ன பயன்? அங்கே நாற்று நடவேண்டும். 1992இல் பிரான்ஸில் கோத்தியே என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவரும் எழுதிய முறை பிறகு பல மாற்றங்களுடன் இந்தியாவிலும் பரவியது. தொடையில் மெல்லிய தோல் எடுத்து, ட்ரிப்சினில் ஊறவைத்து, செல்களைப் பிரிக்கிறார்கள். வெள்ளைத் திட்டின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு, அந்தச் செல்களைப் பரப்பி, சுமார் ஒரு வாரம் கட்டு. எடுத்த தோலைப்போல் பத்து மடங்கு இடம்வரை நிரப்பலாம். புண் ஆறியபின் ஒளி சிகிச்சை கொடுத்தால் நட்ட செல்கள் பெருகி நிறம் பரவும். சீராகப் பல மாதம் ஆகும்.

எங்கள் கட்டடத்து மாமி ஒருவர், பெண்ணுக்கு வரன் வந்திருப்பதால், தை மாதத்துக்குள் ஆபரேஷனை முடித்துவிடத் துடித்தார். பெண்ணுக்கோ நாலு மாதம் முன்புதான் கணுக்காலில் புதுப்புள்ளி. டாக்டர் மறுத்துவிட்டார். ஓராண்டாவது நோய் அசையாமல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நட்டதும் அழியும், தோல் எடுத்த தொடையும் வெளுக்கலாம். மாமிக்குக் கோபம். எனக்கென்னவோ அவர் நல்ல டாக்டராகத்தான் தோன்றுகிறது.

போகிறவர்கள் எஸ்.எஸ்.கே.எம். போன்ற அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் முதலில் காட்டுங்கள். புள்ளிகளை மாதம் ஒருமுறை போட்டோ எடுத்து, தேதி போட்டு, கையோடு கொண்டு போங்கள். விரல் நுனியிலும் மூட்டுகளிலும் நிறம் எளிதில் பிடிக்காது என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.